ஆனைமுடிக்கும் அரசலாத்துக்கும் என்ன சொந்தம்?



செமஸ்டர் முடியப் போகுது. கிளாஸ் குரூப்பில் இந்நேரம் 'டூர் எங்கே?' யுத்தம் ஆரம்பிச்சிருக்கும். ஒரு கோஷ்டி ஊட்டி, இன்னொரு கோஷ்டி கொடைக்கானல். ஒருத்தர் மட்டும் தைரியமா 'கோவா' என்று டைப் பண்ணி, ஹெச்.ஓ.டி. ஞாபகம் வந்ததும் அவசரமா டெலிட் பண்ணியிருப்பார். கடைசியில் வழக்கம்போல 'எங்கயாவது மலைக்குப் போவோம்ப்பா' என்று தீர்ப்பு வந்திருக்கும்.

காரைக்கால்காரங்களுக்கு மலை மேல ஒரு தனி கிறுக்கு உண்டு. நியாயம்தான்! கிழக்கே கடல், மத்த மூணு பக்கமும் தமிழ்நாடு, நடுவில் தோசைக்கல் மாதிரி தட்டையா ஒரு ஊர். சைக்கிளில் மேடு ஏறணும்னா ஆத்துப் பாலத்தை விட்டால் வேறு கதி கிடையாது. ஐந்திணையில் நெய்தலும் மருதமும் நமக்கு வாசல்லயே கிடக்கு. குறிஞ்சிக்குத்தான் டிக்கெட் எடுக்கணும்.

அந்த டிக்கெட்டை எங்கே எடுக்கலாம்? என் ஓட்டு இரவிகுளம் தேசியப் பூங்காவுக்கு. மூணாறு பக்கத்தில் இருக்கு. 'மூணாறா? அதான் எல்லாரும் போறாங்களே!' என்று உதட்டைப் பிதுக்காதீங்க. எல்லாரும் போகிற இடம்தான். ஆனா நம்ம ஊர்க்காரங்க போறதுக்கு வேற ஒரு காரணம் இருக்கு. அதைக் கடைசியில் சொல்றேன். முதல்ல பையைக் கட்டுங்க.

வண்டி வாசல்லயே நிக்குது!

மலைக்குப் போக காரைக்காலில் இருந்தே ரயில் இருக்கு. எர்ணாகுளம் எக்ஸ்பிரஸ். இதோட பழைய பெயர் 'டீ கார்டன் எக்ஸ்பிரஸ்'. பெயரிலேயே தேயிலை வாசனை! பிரெஞ்சுக்காரங்க காலத்தில், 1898-ல், பேரளம் வழியா வந்த ரயில் பாதை நம்முடையது. 1980-களில் அது நின்னுபோச்சு. நம்ம அப்பா, சித்தப்பா தலைமுறை ரயில் ஏறணும்னா நாகூருக்கோ மயிலாடுதுறைக்கோ பஸ் பிடிக்கணும். 2011-ல்தான் நாகூர் வழியா ரயில் திரும்ப நம்ம ஊருக்கு வந்துச்சு. உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. கொடுத்து வச்ச ஜெனரேஷன்!

திருவாரூர், தஞ்சாவூர், திருச்சி, கரூர், ஈரோடு, பாலக்காடு என்று ராத்திரி முழுக்க ஓடி, விடிகிறபோது கேரளாவில் கண் முழிக்க வைக்கும் வண்டி. ஆலுவாவில் இறங்கினா மூணாறுக்கு சுமார் 110 கிலோமீட்டர். கேரள அரசு பஸ் ஏறிடுங்க. அந்த ஊர்ப் பசங்க அதைச் செல்லமா 'ஆனவண்டி' என்பாங்க. வளைவுகளில் அந்த டிரைவர் காட்டுகிற வித்தைக்கு தனியா ஒரு டிக்கெட் போடலாம். ஜன்னல் சீட்டுக்கு அடிச்சுக்கிற ஆளுங்க, வாந்தி வருமான்னு முன்கூட்டியே யோசிச்சுட்டு அடிச்சுக்கங்க.

ரயில் நேரமும், எந்த நாளில் எதுவரை ஓடுகிறது என்பதும் அப்பப்ப மாறும். கிளம்புவதற்கு முந்தின வாரம் ஒருமுறை பார்த்துக்கிறது உத்தமம்.

97 சதுர கிலோமீட்டர் புல்வெளி

மூணாறிலிருந்து மறையூர், உடுமலைப்பேட்டை போகிற ரோட்டில் ஐந்தாம் மைல் என்று ஒரு இடம். அங்கேதான் பூங்காவின் வாசல். சொந்த வண்டியில் மேலே போக விடமாட்டாங்க. வனத்துறை பஸ்தான் ராஜமலைக்கு ஏற்றிவிடும். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு இருக்கு. அதனால ஆன்லைனில் முன்பதிவு செஞ்சுட்டுப் போங்க. காலையில் முதல் பஸ்ஸைப் பிடிக்கிறவங்களுக்குத்தான் பனி விலகுகிற காட்சி கிடைக்கும்.

பூங்காவின் பரப்பு 97 சதுர கிலோமீட்டர். நம்ம காரைக்கால் மாவட்டமே மொத்தம் சுமார் 160 சதுர கிலோமீட்டர்தான். கணக்கு போட்டுக்கங்க... கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு எல்லாத்தையும் சேர்த்து ஊரில் பாதிக்கும் மேல, ஒரு வீடு இல்லாம, வெறும் புல்லும் சோலையும் பனியுமா இருந்தா எப்படி இருக்கும்? அதுதான் இரவிகுளம்.

இதுக்குள்ளதான் ஆனைமுடி இருக்கு. உயரம் 2,695 மீட்டர். இமயமலைக்குத் தெற்கே இந்தியாவில் இதைவிட உயரமான சிகரம் கிடையாது. 'தென்னிந்தியாவின் உயர்ந்த சிகரம் தொட்டபெட்டா' என்று குவிஸ்ஸில் பட்டனை அமுக்கி அசிங்கப்பட்ட ஆளுங்க நிறைய. அது 2,637 மீட்டர். தமிழ்நாட்டில் அதுதான் பெருசு, தென்னிந்தியாவில் இல்லை.

ஆனைமுடி மேலே ஏற முடியுமா? முடியாது பாஸ். டூரிஸ்ட்டுக்கு விட்டிருப்பது ராஜமலையில் ஒரு சின்ன நடைபாதை மட்டும்தான். சிகரத்தை அண்ணாந்து பார்க்கலாம், அவ்வளவுதான். 1862-ல் டக்ளஸ் ஹாமில்டன் என்கிற வெள்ளைக்கார ராணுவ அதிகாரி ஏறியதுதான் பதிவான முதல் ஏற்றம் என்று புத்தகங்களில் போட்டிருக்கும். ஆனா தலைமுறை தலைமுறையா அந்த மலையிலேயே வாழ்ந்துட்டு வர்ற முதுவர் பழங்குடி மக்கள் அதுவரை அண்ணாந்து பார்த்துக்கிட்டு மட்டும் இருந்திருப்பாங்களா என்ன? அவங்க நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கலை. வித்தியாசம் அவ்வளவுதான்!

வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் தேயிலை போட்டது போக, இந்த உச்சிப் புல்வெளியைத் தங்கள் வேட்டைக்காட்டா வச்சிருந்தாங்க. 1971-ல் கேரள அரசு தனிச்சட்டம் போட்டு, தேயிலை இல்லாத நிலங்களைத் திரும்ப எடுத்துக்கிச்சு. 1975-ல் சரணாலயம், 1978-ல் தேசியப் பூங்கா. 2012-ல் யுனெஸ்கோ மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 இடங்களை உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவிச்சப்ப அதில் இரவிகுளமும் ஒண்ணு.

ஆடு பாஸ், ஆடு!

பூங்காவின் ஹீரோ வரையாடு. 'ஆட்டைப் பார்க்கவா அவ்வளவு தூரம்?' என்று கேட்கிறவங்களுக்கு... இது தமிழ்நாட்டின் மாநில விலங்கு. 'வரை' என்றால் மலை. செங்குத்தான பாறையில், நம்ம ஆளுங்க மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து கதை பேசுகிற மாதிரி, அலட்டிக்காம நிக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகத்தில் வேற எங்கேயும் இது காட்டில் கிடையாது. இமயமலையில் இருக்கும் 'தார்' ஆட்டுக்கு இது சொந்தம் என்றுதான் ரொம்ப காலம் நினைச்சாங்க. 2005-ல் வந்த மரபணு ஆராய்ச்சி, 'அதெல்லாம் இல்லை, இது செம்மறிக்குத்தான் நெருங்கின உறவு' என்று சொல்லி, தனிப் பேரினமாகவே பிரிச்சு வச்சிடுச்சு.

2025-ல் தமிழ்நாடும் கேரளாவும் சேர்ந்து ஒரே நேரத்தில் கணக்கெடுத்தாங்க. ரெண்டு மாநிலத்துக்கும் சேர்த்து மொத்தமே 2,668 வரையாடுகள்தான். அதாவது, ஒரு நடுத்தரக் காலேஜில் படிக்கிற மாணவர் எண்ணிக்கை. அதில் 800-க்கும் மேல இரவிகுளத்தில் மட்டும். உலகத்திலேயே பெரிய கூட்டம் அங்கேதான். தமிழ்நாடு அரசும் 2023-ல் இதுக்காகத் தனித் திட்டம் தொடங்கி, அக்டோபர் 7-ஐ வரையாடு தினமா அறிவிச்சிருக்கு. 1975-லேயே இந்த விலங்கைத் தேடி அலைந்து ஆய்வு செய்த ஈ.ஆர்.சி. டேவிதாரின் நினைவா அந்த நாள்.

ஒரு முக்கியமான விஷயம். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பெரும்பாலும் பூங்காவுக்கு லீவு. குட்டி போடுகிற சீசன். நம்ம தெருவில் பிரசவமான வீட்டு முன்னாடி யாரும் மைக் செட் போட மாட்டாங்க இல்லையா? அதே மரியாதைதான். தேதியை வனத்துறை ஒவ்வொரு வருஷமும் அறிவிக்கும். பார்த்துட்டு டூர் போடுங்க.

ராஜமலை வரையாடுகளுக்கு மனுஷங்க பழகிப்போச்சு. நடைபாதைக்குப் பக்கத்திலேயே வந்து மேயும். அதுக்காகத் தோளில் கை போட்டு போட்டோ எடுக்கக் கிளம்பிடாதீங்க. சிப்ஸ் நீட்டாதீங்க. அது காட்டு விலங்கு, காலேஜ் கேன்டீன் பூனை இல்லை.

பன்னிரண்டு வருஷ அரியர்

குறிஞ்சியைப் பார்க்காம குறிஞ்சி நிலமா? நீலக்குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒரு தடவைதான் மொத்தமா பூக்கும். பூத்து, விதை போட்டு, செத்துப் போயிடும். மறுபடி முளைச்சு அடுத்த பூவுக்கு இன்னொரு 12 வருஷம். பழனி மலைப் பக்கத்துப் பளியர்கள் குறிஞ்சி பூத்ததை வச்சே தங்கள் வயசைக் கணக்கிட்டாங்க என்று சொல்வாங்க. 'நான் மூணு குறிஞ்சி பார்த்தவன்' என்று சொல்லிப் பாருங்க... கெத்தா இல்லை?

கடைசியா 2006, 2018-ல் இரவிகுளத்தில் பூத்தது. 2018-ல் கூட்டம் அலைமோதும் என்று மூணாறே காத்துக்கிட்டு இருந்தப்ப, ஆகஸ்டில் கேரளப் பெருவெள்ளம் வந்து ரோடுகளை அறுத்துப் போட்டுடுச்சு. பூ தன் பாட்டுக்குப் பூத்துச்சு, பார்க்கத்தான் ஆள் குறைவு. அடுத்தது 2030. அப்போ உங்களில் பலர் வேலையில் இருப்பீங்க. சிலர் லீவு கேட்டு மேனேஜர்கிட்ட கெஞ்சிக்கிட்டு இருப்பீங்க.

இப்போ அந்தச் சொந்தக் கதை

ராஜமலையில் நின்னு பார்த்தா ஒரு விஷயம் கண்ணில் படும். மேடெல்லாம் புல். ரெண்டு மேடு சேர்கிற மடிப்புகளில் மட்டும் கருகருன்னு குட்டை மரக்காடு. அதுக்குப் பெயர்தான் சோலை. பாட்டில் வர்ற சோலை இல்லை. ஆங்கிலத்தில் எழுதுகிற விஞ்ஞானிகளே இந்தக் காட்டுக்கு வேற பெயர் வைக்காம நம்ம சொல்லைத்தான் எடுத்துக்கிட்டாங்க.

புல்வெளியும் சோலையும் சேர்ந்து செய்கிற வேலை, ஸ்பான்ஞ் வேலை. மழையா, பனியா எது வந்தாலும் பாசியும் மக்கிய இலையும் புல்வேரும் உறிஞ்சி வச்சுக்கும். அப்புறம் கோடையிலும் சொட்டுச் சொட்டா விடும். அதனாலதான் அங்கே ஓடைகள் வருஷம் பூரா ஓடுது. புல்லை அழிச்சு யூகலிப்டஸும் வாட்டில் மரமும் வச்ச மலைகளில் இந்த ஸ்பான்ஞ் காய்ஞ்சு போச்சு. பச்சையா இருப்பதெல்லாம் காடு இல்லைங்கிறது அங்கே போனாத்தான் புரியும்.

இரவிகுளத்தின் மேற்குப் பக்க ஓடைகள் பெரியாறுக்குப் போகும். கிழக்குப் பக்க ஓடைகள்? அது பாம்பாறு. பாம்பாறு கீழே இறங்கி அமராவதி. அமராவதி உடுமலை, தாராபுரம், கரூர் வழியா ஓடி, திருமுக்கூடலூரில் காவிரியில் கலக்கும். காவிரி முக்கொம்பு, கல்லணை தாண்டும். அங்கிருந்து பிரிகிற கிளைகளில் ஒண்ணு கும்பகோணத்தை ஒட்டி ஓடி, கடைசியா நம்ம ஊர்ப் பாலத்துக்குக் கீழே வந்து கடலில் சேரும்.

ஆமா, அரசலாறு!

அமராவதித் தண்ணியில் பெரும்பகுதி அணையிலும் வாய்க்காலிலும் திரும்பி, வழியிலேயே வயலுக்குப் போயிடும். நல்ல மழைக்காலத்தில் வழிஞ்சு வர்றதுதான் காவிரிக்கு. அதையும் ஒத்துக்கணும். ஆனா நமக்கு வர்ற மத்த தண்ணி மட்டும் எங்கிருந்து வருது? காவிரி குடகு மலையிலிருந்து, கபினி வயநாட்டிலிருந்து, பவானி நீலகிரியிலிருந்து. எல்லாமே மேற்குத் தொடர்ச்சி மலைதான். ஒரு சொட்டுகூட காரைக்காலில் பிறக்கலை.

2007-ல் காவிரி நடுவர் மன்றம் இறுதித் தீர்ப்பில் புதுச்சேரிக்கு, அதாவது நடைமுறையில் நம்ம காரைக்காலுக்கு, ஒதுக்கியது 7 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்றால் 100 கோடி கன அடி. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை மாத்தலை. மேல இருக்கிறவங்க எல்லாம் குடிச்சு, பாய்ச்சி முடிச்ச பிறகு கடைமடைக்கு வர்ற தண்ணி இது. ஒரு வருஷம் மலையில் மழை பொய்ச்சா, திருமலைராஜனாத்திலும் நாட்டாத்திலும் யார் முதல்ல உணர்வாங்க? பஜன்கோவாவில் படிக்கிற விவசாய மாணவர்களைக் கேளுங்க, வயிறெரிஞ்சு சொல்வாங்க.

கோர்ட்டு தண்ணியைப் பிரிச்சுக் கொடுக்கும். தண்ணியை உண்டாக்கித் தராது. அதை உண்டாக்குகிற இடத்துக்குத்தான் நீங்க டூர் போறீங்க.

பூங்கா வாசலுக்கு வெளியே...

இன்னொரு சொந்தமும் இருக்கு. மூணாறில் இறங்கினதும் காதில் விழுவது பாதி தமிழா இருக்கும். தேயிலைத் தோட்டத்தில் தலைமுறைகளா வேலை செய்பவங்களில் பெரும்பாலானவங்க தமிழர்கள். 1956-ல் மொழிவாரியா மாநிலம் பிரிச்சப்ப தேவிகுளம், பீர்மேடு யாருக்கு என்று பெரிய போராட்டமே நடந்து, கடைசியில் கேரளாவுக்குப் போச்சு. கோடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் என்று வாழ்வது நமக்கும் புதுசு இல்லையே! 1954 நவம்பர் 1 வரைக்கும் நம்மளை ஆண்டது பிரான்ஸ் ஆச்சே.

போட்டோவில் பச்சைக் கம்பளமா தெரியுதே, அந்தக் கம்பளத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை கொழுந்து பறிக்கிற அக்காக்கள் இருக்காங்க. 2015 செப்டம்பரில் போனஸுக்கும் கூலி உயர்வுக்கும் எந்தக் கட்சியையும் பக்கத்தில் விடாம, தாங்களே ரோட்டில் உட்கார்ந்து மூணாறையே நிறுத்திக் காட்டினவங்க அவங்கதான். 'பெம்பிளை ஒருமை', அதாவது பெண்கள் ஒற்றுமை என்பது அந்தப் போராட்டத்தின் பெயர்.

ராஜமலைக்குப் பக்கத்தில் பெட்டிமுடி என்று ஒரு இடம். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி, விடாத மழையில் மலைச்சரிவு இறங்கி, தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளை அப்படியே மூடிடுச்சு. கரன்ட் இல்லை, போன் இல்லை. விடிஞ்ச பிறகுதான் வெளியுலகத்துக்கே தெரிஞ்சது. 70 உயிர் போச்சு. பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். ராஜமலையிலேயே அவங்களை அடக்கம் செய்தாங்க.

2004 டிசம்பர் 26 நமக்கு மறந்திருக்காது. உங்களில் பலர் அப்போ பிறக்கவே இல்லை. ஆனா கிளிஞ்சல்மேட்டிலும் பட்டினச்சேரியிலும் எந்த வீட்டைக் கேட்டாலும் சொல்வாங்க. கடலுக்குப் பக்கத்தில் வாழ்கிறவங்களுக்கும் மலைச்சரிவில் வாழ்கிறவங்களுக்கும் ஒரே விதி: ஊருக்கெல்லாம் அழகா தெரிகிற இடத்தில்தான் அவங்க வீடு. அதனால ராஜமலைக்குப் போகும்போது ஒரு நிமிஷம் பாட்டை நிறுத்துங்க. நம்ம ஊர்க் கடற்கரையில் டிசம்பர் 26-ஆம் தேதி வெளியூர்க்காரங்க எப்படி நடந்துக்கணும்னு நினைப்போமோ, அப்படி நடந்துக்கிட்டா போதும்.

இதே காரணத்துக்காக இன்னொண்ணு. ஜூன் முதல் செப்டம்பர் வரை இடுக்கி மாவட்டத்துக்கு ரெட் அலர்ட், ஆரஞ்ச் அலர்ட் என்று வந்தா டூரைத் தள்ளிப் போடுங்க. 'அட்வான்ஸ் கொடுத்தாச்சு சார்' என்கிற வசனம் மலைக்குப் புரியாது.

திரும்பும் வழி

வந்த வழியே திரும்பாதீங்க. மறையூர், சின்னாறு வழியா உடுமலைப்பேட்டைக்கு இறங்குங்க. முதல்ல லக்கம் அருவி. இரவிகுளத்து ஓடைதான் அங்கே விழுது. அந்தத் தண்ணியில் முகம் கழுவுறப்ப நினைச்சுக்கங்க... இது நம்ம பக்கம் கிளம்பின தண்ணி. அடுத்து மறையூர் சந்தனக் காடு. அப்புறம் சின்னாறு சரணாலயம். அங்கே திடீர்னு குளிர் போய் முள்ளுக்காடும் வெயிலுமா மாறும். மலையின் மறுபக்கம், மழை மறைவுப் பிரதேசம். பத்தாம் கிளாஸ் புவியியல் பாடம் பஸ் ஜன்னலில் ஓடும். காட்டு ரோடு என்பதால் இருட்டுவதற்கு முன்னாடி தாண்டிடுங்க. கீழே வந்தா அமராவதி அணை. மேலே ஓடையா பார்த்தது இங்கே ஏரியா நிக்கும். அங்கிருந்து உடுமலை, திருச்சி, நம்ம ஊர். பாதி தூரம் ஆத்தோட கூடவே திரும்பி வர்ற மாதிரி ஒரு ரூட்!

பையில் என்ன? ஸ்வெட்டர் கட்டாயம். டிசம்பர், ஜனவரியில் மூணாறு குளிர் பூஜ்யத்தைத் தொட்டுட்டு வந்த நாட்களும் உண்டு. மழைக்கோட்டு, நல்ல பிடிமானமுள்ள ஷூ, காலேஜ் ஐ.டி. கார்டு. மழைக்காலத்தில் அட்டை ஏறினா அலறாதீங்க, கொஞ்சம் உப்பு போதும். பிளாஸ்டிக் பாட்டில், பாக்கெட் எதுவும் மலையில் விழக்கூடாது. ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம்.

மலையில் எப்படி நடந்துக்கணும்னு வேற யாருக்குப் பாடம் எடுத்தாலும் காரைக்கால் பிள்ளைகளுக்கு எடுக்கத் தேவையில்லை. கயிலை மலையில் கால் படக்கூடாதென்று தலையாலே நடந்து போன அம்மையார் நம்ம ஊர்க்காரங்க. வருஷா வருஷம் மாங்கனித் திருவிழாவில் மாம்பழம் பிடிக்க முண்டியடிக்கிறோமே, அவங்கதான். நம்மளை யாரும் தலையால நடக்கச் சொல்லலை. நடைபாதையை விட்டு இறங்காம காலால நடந்தாலே போதும்.

போயிட்டு வாங்க. அப்படியே 2030-ஐ ஒரு மூலையில் குறிச்சு வச்சுக்கங்க. இப்போ நீங்க பார்க்கப் போகிற மலையில் குறிஞ்சி பச்சைச் செடியா, பூ இல்லாம, அந்த வருஷத்துக்காகப் படிச்சுக்கிட்டு இருக்கு. அது பாஸ் ஆகும்போது கைதட்ட நம்ம ஊரிலிருந்து ஒரு பெட்டி நிறைய ஆள் போகணும். அதுவரை அந்தப் புல்லும் சோலையும் அங்கேயே இருக்கணும்... அரசலாத்தில் தண்ணியும் வந்துக்கிட்டே இருக்கணும்.

அடுத்த வாரம் வேற ஊர், வேற பஸ். ஓகேவா?